சாரமும் சட்டமும்

“சாரம் சரிந்தது, மேசன் மாண்டான்.” பத்திரிகைகளின் உட்பக்கங்களில் அடிக்கடி காணப்படும் இவ்வகைச் செய்தியை இலக்கண வகுப்பிலே மாணவரிடம் கொடுத்து எழுவாயைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர்கள் தயங்காது விடை கூறுவர். முதல் வாக்கியத்துக்கு எழுவாய் சாரம், இரண்டாவதற்கு மேசன். விடை சரியானதே. ஆயின் அந்தச் சாரத்துக்கு உக்கிய மரத்தைக் கொடுத்தவன் யார், அதன்மேல் ஏறும்படி பணித்தவன் யார், அவ்வேலையால் இலாபமடைந்தவன் யார் என்ற வினாக்களுக்கு அவ்வாக்கியங்களில் இடமில்லை. செய்தவன் மறைந்துவிடச் செயல் மட்டும் தானே நிகழ்ந்ததுபோல் நிற்கிறது. ‘விபத்து’ என்னும் சொல்லுக்கும் இந்த இயல்பு உண்டு. அதற்கு ஒருபடி மேலே சென்று ‘விதி’ என்று கூறிவிட்டால் விசாரணையே முடிந்துவிடும்.

இங்கிலாந்தின் பழைய சட்டம் இவ்விடயத்தில் எமது பத்திரிகை நிருபரையும் விஞ்சிவிட்டது. ஒருவன் வண்டிச் சில்லில் அகப்பட்டு இறந்தால், அந்த வண்டியையோ சில்லையோ குற்றமிழைத்த பொருளாகக் கொண்டு அதன் பெறுமதியை முடிக்குப் பறிமுதல் செய்யும் வழக்கம் அங்கே மத்திய காலந்தொட்டு நிலவியது. ‘டியோடண்ட்’ என்பது அதன் பெயர். கடவுளுக்குக் கொடுக்கப்படவேண்டியது என்பது பொருள். கடவுளின் பெயரால் எடுக்கப்பட்ட அப்பணம், சட்டப்படி, இறந்தவனின் மனைவி மக்களுக்கு உரித்தாகவில்லை. அவர்கள் வழக்காடவும் முடியாது. ஒரு மனிதனின் மரணத்தைச் சிவில் நீதிமன்றத்தில் நட்டமாகக் கருதி முறையிட இயலாதென 1808ஆம் ஆண்டில் எலன்பரோ பிரபு தீர்ப்புக் கூறியிருந்தார். காலை இழந்தவன் வழக்குத் தொடரலாம். உயிரை இழந்தவன் பொருட்டு எவரும் தொடர முடியாது. காயப்படுத்துவதைக் காட்டிலும் கொன்றுவிடுதல் மலிவானது என்ற நிலை இதனால் ஏற்பட்டது.

வண்டியும் மாடும் மனிதரைக் கொன்ற காலத்தில் இந்த ஏற்பாடு யாரையும் அதிகம் தொந்தரவு செய்யவில்லை. புகையிரதம் வந்ததும் நிலைமை மாறிற்று. 1841ஆம் ஆண்டு நத்தார் முன்தினத்தில் சோனிங் என்னுமிடத்தில் மண்சரிவிலே ஒரு புகையிரதம் மோதிப் பிரயாணிகள் பலர் இறந்தபோது, மரண விசாரணை யூரர்கள் அந்த வண்டித் தொடர் மீது 1,000 பவுண் டியோடண்ட் விதித்தனர். பழைய மூடநம்பிக்கை கம்பனிப் பங்குதாரரின் சட்டைப்பையைத் தொட்டதும் அது மூடநம்பிக்கை என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. 1846ஆம் ஆண்டில் டியோடண்ட் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில், இறந்தவனின் குடும்பத்தார் நட்டஈடு கோரி வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டமும் காம்பெல் பிரபுவின் முயற்சியால் நிறைவேறியது.

அதே 1846ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றத்தின் முன் மூன்றாவது விடயம் ஒன்றும் வந்தது. அது சட்டமாகவில்லை. எமது பாடசாலைச் சரித்திர நூல்கள் அதனைக் குறிப்பிடுவதுமில்லை. ஸ்டீவன்சனின் இயந்திரத்தைப் படத்தோடு விவரித்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. அந்த மூன்றாவது விடயமே எமது அக்கறைக்குரியது.

மான்செஸ்டர் நகரையும் ஷெபீல்ட் நகரையும் இணைக்கும் புகையிரதப் பாதைக்கு இடையில் பெனைன் மலைத்தொடர் குறுக்கே நின்றது. வூட்ஹெட் என்னுமிடத்தில் மலையை மூன்று மைல் நீளத்துக்குக் குடைய முடிவு செய்யப்பட்டது. 1838இல் வேலை தொடங்கியது. முதற் பொறியியலாளர் சார்ள்ஸ் விக்னோல்ஸ் விலகியதும் ஜோசப் லொக் பொறுப்பேற்றார். தலத்திலேயே தங்கி வேலையை நடத்தியவர் வெலிங்டன் பேர்டன். 1845 டிசம்பரில் சுரங்கம் திறக்கப்பட்டது. ஏழு ஆண்டுகளில் 150 தொன்னுக்கு அதிகமான வெடிமருந்து செலவாயிற்றென்பர். உச்சக் கட்டத்தில் ஏறத்தாழ 1,500 பேர் அங்கே வேலை செய்தனர்.

அம்மனிதர்கள் வாழ்ந்த விதத்தைச் சற்று நோக்குவோம். சுற்றிலும் ஊரில்லாத மேட்டுநிலம். தாமே கல்லையும் புல்லையும் கொண்டு அமைத்த குடிசைகளில் பலர் நெருக்கமாகப் படுத்தனர். கூலி கைக்கு வர ஒன்பது வாரம்வரை காத்திருக்கவேண்டும். இடைக்காலத்தில் வயிற்றுக்கு என்ன வழி? கொந்தராத்துக்காரருடன் தொடர்புடைய கடையில் துண்டு கொடுத்துக் கடனுக்குச் சாமான் வாங்குவதே வழி. கடையில் விலை கூட; பொருள் பழுது. கூலி நாளில் கணக்குப் பார்த்தால் உழைப்பின் பெரும்பகுதி கடைக்கே போய்விட்டிருக்கும். எமது தோட்டப்புறத்துத் துண்டையும் பற்றுச்சீட்டையும் கேள்வியுற்ற வாசகருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. நோயாளியையும் காயப்பட்டவனையும் பார்க்கத் தொழிலாளரே தம் கூலியிலிருந்து நிதி சேர்த்தனர். அவர்களுக்கு வைத்தியம் செய்த ஹென்றி பொம்பிரெட் என்பவர் தாம் கண்டவற்றைக் கணக்கெடுத்து வைத்திருந்தார். இறந்தோர் 32, எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுகள் 23, சாதாரண முறிவுகள் 74, தீக்காயம், நசிவு, மூட்டு விலகல் முதலிய கடுங்காயங்கள் ஏறத்தாழ 140.

மான்செஸ்டர் புள்ளிவிபரச் சங்கத்தைச் சேர்ந்த ஜோன் ரொபர்ட்டன் என்னும் சத்திர வைத்தியர் நேரிற் சென்று கண்டறிந்த விபரங்களும் பொம்பிரெட்டின் கணக்கும் எட்வின் சட்விக் என்பாரின் கைக்கு வந்தன. சட்விக் தொழிலாளரின் நண்பர் அல்லர். ஏழைகளை வேலைவீடுகளுக்குள் அடைத்த 1834ஆம் ஆண்டின் ஏழைச் சட்டத்தை வகுத்தவர்களுள் அவர் ஒருவர். வடபகுதித் தொழிலாளர் அவர் பெயரைக் கேட்டாலே காறி உமிழ்வர். ஆயினும் அவருக்குக் கணக்குத் தெரியும். தலிவேரா, சலமங்கா, விற்றோரியா, வாட்டர்லூ ஆகிய நான்கு பெரும் போர்களிலும் மாண்ட படைவீரரின் விகிதத்தை எடுத்து அவர் வூட்ஹெட்டோடு ஒப்பிட்டார். போர்களில் நூற்றுக்கு 2.11 பேர், வூட்ஹெட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேர். வெலிங்டன் கோமகனின் படையில் சேர்ந்து நெப்போலியனை எதிர்ப்பதைவிட, வெலிங்டன் பேர்டனின் கீழ் மலையைக் குடைவது ஆபத்தானது என்பது அதன் பொருள்.

சட்விக்கின் வாதம் மனிதாபிமானத்தில் தங்கியிருக்கவில்லை. அதுவே அதன் வலிமை எனலாம். சுரங்கத்தில் ஒருவன் மாண்டால் அவன் மனைவியையும் பிள்ளைகளையும் எவர் போஷிக்கின்றனர்? அவர்கள் ஊருக்குத் திரும்பி ஏழை வரியில் பிழைக்கின்றனர். அப்படியாயின் கம்பனி தன் உற்பத்திச் செலவின் ஒரு பகுதியை ஊரார் தலையில் கட்டிவிட்டு இலாபத்தை மட்டும் தான் வைத்துக்கொள்கிறது. மரத்துக்கும் செங்கல்லுக்கும் விலை கொடுப்பவன் காலுக்கும் உயிருக்கும் விலை கொடுக்கட்டும். கொடுக்கவேண்டும் என்றாகிவிட்டால், உயிரைக் காப்பாற்றுவது அவனுக்கு இலாபமாகிவிடும். இதுவே அவருடைய தர்க்கம். தொழிற்சாலை இயந்திரங்கள் பற்றி 1833ஆம் ஆண்டிலேயே இதனைக் கூறியிருந்தார். முதலாளித்துவக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டே முதலாளியை மடக்கிய இந்த வாதத்துக்கு நேரடியான மறுப்பு இன்றுவரை வந்ததில்லை. ஆனால் மறுப்பில்லாத வாதம் வென்றுவிடும் என்று எண்ணுவோர் சரித்திரம் படிக்கவில்லை.

1846இல் புகையிரதப் பாதைத் தொழிலாளர் நிலையை ஆராயப் பாராளுமன்றம் ஒரு தெரிவுக்குழுவை நியமித்தது. அதன்முன் அளிக்கப்பட்ட சாட்சியங்களில் ஒன்று தனித்து நோக்கத்தக்கது. அதற்குக் கற்பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் முறையை அறிந்திருத்தல் வேண்டும். உளியாலும் சம்மட்டியாலும் பாறையில் நீண்ட துளையிட்டு, அதனுள் வெடிமருந்தைப் போட்டு, மேலே களிமண்ணையோ கற்பொடியையோ இட்டு ஒரு கம்பியால் இறுக்குவர். கம்பி இரும்பாயின் பாறையில் உரசியதும் பொறி பறக்கும். மருந்து இறுக்குகிறவன் முகத்திலேயே வெடிக்கும். செம்பாற் செய்த கம்பியாயின் பொறி எழாது. ஆனால் செம்பு விலை கூடியது. மெதுவானதாகையால் விரைவில் வளைந்து தேயும். வூட்ஹெட்டில் இரும்பே பயன்படுத்தப்பட்டது. அவ்வாறே, மெதுவாக எரிந்து ஆள் விலக அவகாசம் தரும் காப்புரிமைத் திரியும் அக்காலத்தில் கிடைத்தது; அதுவும் அங்கே பயன்படுத்தப்படவில்லை. அத்திரி பாதுகாப்பானதல்லவா என்று குழுவினர் பேர்டனைக் கேட்டனர். இருக்கலாம், ஆனால் அதனால் நேரம் வீணாகிறது, வித்தியாசமும் மிகச் சிறிது, அதனால் மிஞ்சக்கூடிய அத்தனை உயிர்களுக்காகவும் அந்த நேரத்தை இழக்கும்படி நான் சொல்லமாட்டேன் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார்.

பேர்டனை நாம் கொடியவர் என்று சொல்லிவிடலாம், அது எளிது. ஆனால் அவர் கூட்டத்தில் மறைவாகப் பேசவில்லை. பாராளுமன்றக் குழுவின் முன், அச்சில் ஏறும் என்று அறிந்தே பேசினார். வெட்கப்படவேண்டிய ஒன்றைச் சொல்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு எழவில்லை. பொறியியலாளர் என்ற முறையில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தியதாகவே அவர் கருதினார். திரிக்கு ஒரு விலை இருந்தது, நேரத்துக்கு ஒரு விலை இருந்தது, உயிருக்கு விலை இருக்கவில்லை. விலையில்லாத பொருள் கணக்கில் வராது. புகழ்பெற்ற புரூணெலின் சாட்சியமும் இத்தகையதே. அவருடைய பெரிய மேற்குப் புகையிரதப் பாதை வேலையில் 1839 செப்டெம்பர் தொடக்கம் 1841 யூன் வரை கடுங்காயமுற்று பாத் நகர வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட 131 பேரின் பட்டியல் காட்டப்பட்டபோது, வேலையின் அளவையும் வெடிமருந்தின் அளவையும் நோக்க இத்தொகை சிறிதே என்று அவர் கருத்துத் தெரிவித்தார்.

கம்பனிகளைப் பொறுப்பாக்கினால் புகையிரதப் பாதைகளே அமைக்க முடியாது போய்விடும் என்ற கூற்றுக்குக் குழுவின் முன்னிலையிலேயே பதில் இருந்தது. பிரான்சிலே பாரிஸ் நகரிலிருந்து ரூவான் நகருக்குச் செல்லும் பாதை 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டிருந்தது. அதன் பொறியியலாளர் வேறு யாருமல்லர். வூட்ஹெட்டின் அதே ஜோசப் லொக். கொந்தராத்துக்காரரும் பிரித்தானியரே, தொழிலாளரிலும் பல்லாயிரவர் கடல்கடந்து சென்ற பிரித்தானியர். ஆனால் பிரெஞ்சுச் சிவில் சட்டக் கோவையின்படி தொழில்கொள்வோர் தமது தவறுக்கும் தம்மால் ஏவப்பட்டோர் தவறுக்கும் பொறுப்பாளிகள். அங்கே காயப்பட்டோருக்கு நட்டஈடு கொடுக்கப்பட்டது, பாதையும் அமைந்தது, பங்குதாரருக்கு இலாபமும் கிடைத்தது. ஆங்கிலக் கால்வாயின் இக்கரையில் இயற்கை நியதியாகத் தோன்றியது அக்கரையில் சட்டத்தால் மாற்றப்பட்டுவிட்டது.

குழு சட்விக்கின் யோசனையைப் பெருமளவில் ஏற்றுக்கொண்டது. கம்பனிகள் தம் வேலைத்தலத்து மரணங்களுக்கும் காயங்களுக்கும் பொறுப்பாக வேண்டும், கூலி பணமாக வாரந்தோறும் கொடுக்கப்பட வேண்டும் என்றெல்லாம் சிபாரிசு செய்தது. அவ்வறிக்கையைப் பாராளுமன்றம் விவாதத்துக்குக்கூட எடுக்கவில்லை. சபையில் புகையிரதக் கம்பனிகளின் பணிப்பாளர் பலர் அமர்ந்திருந்தனர். நாட்டிலோ புகையிரதப் பங்குப் பித்து. வூட்ஹெட்டில் இரண்டாவது சுரங்கம் 1847இல் தொடங்கியது. 1849இல் வாந்திபேதி பரவி அங்கே 28 தொழிலாளர் மாண்டனர்.

காம்பெல் பிரபுவின் சட்டம் இருந்ததே, அதைக்கொண்டு விதவைகள் வழக்காடியிருக்கலாமே எனக் கேட்கலாம். வழக்காடினர். அங்கேதான் நீதிமன்றம் வேறொரு சுவரை எழுப்பி வைத்திருந்தது. 1837ஆம் ஆண்டில், பிரீஸ்ட்லி எதிர் பௌலர் என்ற வழக்கில், இறைச்சி வியாபாரி ஒருவரின் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்ட வண்டி குடைசாய்ந்து அவருடைய வேலைக்காரப் பையனின் தொடை முறிந்தது. யூரர்கள் அவனுக்கு 100 பவுண் கொடுக்கச் சொன்னார்கள். மேல்நீதிமன்றத்தில் அபிங்கர் பிரபு அதனைத் தள்ளினார். இதனை அனுமதித்தால், ஈரப் படுக்கையைக் கொடுத்த பணிப்பெண்ணின் தவறுக்காகவும் எசமானன் வேலைக்காரனுக்குப் பதிலிறுக்க நேரிடும் என்பது அவர் காட்டிய பேராபத்து. வேலைக்காரன் ஆபத்தை அறிந்தே வேலைக்கு வருகிறான். விரும்பாவிட்டால் மறுத்துவிடலாம் என்றார். 1850இல் இது ‘பொதுத் தொழில்’ என்னும் கோட்பாடாக இறுகிற்று. ஒரே எசமானனிடம் வேலை செய்யும் ஒருவனின் தவறால் மற்றொருவன் காயமுற்றால் எசமானனுக்குப் பொறுப்பில்லை. தன் சகதொழிலாளர் தவறக்கூடும் என்பதை அறிந்தே அவன் கூலிக்கு உடன்பட்டான் என்பது அதன் சாரம்.

அவ்வாண்டிலேயே இக்கோட்பாடு ஒரு கட்டட வழக்கில் சோதிக்கப்பட்டது. விக்மோர் எதிர் ஜே என்பது வழக்கின் பெயர். சாரத்தின் குறுக்குக் கழியொன்று பழுதானது; மேற்பார்வையாளன் அதனையே பயன்படுத்தினான்; சாரம் சரிந்து செங்கல் மேசன் ஒருவன் மாண்டான். மேற்பார்வையாளனும் மேசனும் ஒரே எசமானனின் வேலையாட்கள், ஆகவே ‘சகதொழிலாளர்’. எசமானன் தகுதியான ஒருவனை மேற்பார்வைக்கு அமர்த்திவிட்டான். அவன் கடமை அத்துடன் முடிந்தது. வழக்குத் தள்ளப்பட்டது. எசமானன் வேலைத்தலத்துக்கு எவ்வளவுக்கெவ்வளவு வராமல் இருக்கிறானோ அவ்வளவுக்கவ்வளவு அவன் நிரபராதி என்பது இதிலிருந்து பெறப்படும். தன் கையால் சாரங்கட்டும் சிறு மேசன் பொறுப்பாளி. நூறு சாரங்களைத் தூரத்திலிருந்து கட்டுவிக்கும் பெருமுதலாளி பொறுப்பற்றவன். பெருங்கைத்தொழில் வளரும் காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான நீதியை எவரும் கற்பனை செய்திருக்க முடியாது. சுதந்திரமான ஒப்பந்தம் என்று நீதிபதிகள் வருணித்ததைப் பற்றி மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட ‘மூலதன’த்தில், இந்த நாடோடித் தொழிலாளருக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கி, அவர்களோடு தொற்றுநோயும் ஊர்விட்டு ஊர் செல்லும் காட்சியை வரைந்துள்ளார், அக்காட்சியில் சுதந்திரம் தென்படவில்லை.

இக்கதைக்கும் எமது நாட்டுக்கும் தொடர்புண்டு. பம்பாய்க்கும் பூனாவுக்கும் இடையே போர் மலைச்சரிவில் 1856இல் தொடங்கிய புகையிரதப் பாதை வேலையின் கொந்தராத்துக்காரர் வில்லியம் பவியெல் என்னும் ஆங்கிலேயர். வேலை உபகொந்தராத்துக்காரர் வழியாக நடந்தது; கூலி ஒழுங்காக இறங்கவில்லை. 1859 ஜனவரியில் தொழிலாளர் கலகம் செய்தனர். பவியெல் கொந்தராத்தைக் கைவிட்டார். வாந்திபேதியும் வெடிமருந்தும் சரிவுகளும் அங்கே உட்கொண்ட உயிர்களுக்கு வூட்ஹெட்டில் இருந்ததுபோல் ஒரு பொம்பிரெட் கணக்கு எழுதி வைக்கவில்லை. அதே பவியெல்தான் 1863இல் கொழும்பு – கண்டிப் பாதையின் கொந்தராத்தைப் பெற்றார். 1867இல் அது கண்டியை எட்டியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையை உடைத்தவர்களுட் பலர் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவர்கள். கோப்பித் துரைமார் அப்பாதையால் அடைந்த ஆதாயம் சதக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. கடுகண்ணாவையில் உயர்ந்து நிற்கும் கோபுரமோ அதற்கு முன்னைய வண்டிப் பாதையை அமைத்த கப்டன் டோசனுக்கு உரியது. கல்லுடைத்தவனுக்குரிய தூண் எதுவும் அங்கில்லை. எமது வரலாற்று மாணவர் பல்கலைக்கழகங்களில் ஆளுநர்களின் வாழ்க்கையை ஆராய்ந்து பட்டம் பெறுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. அவர்களுள் ஒருவரேனும் அந்த ஏற்றத்து மரணங்களைத் தேடிப் புறப்படலாம்.

இங்கிலாந்தில் சுவர் இடிபட்டதற்கு நீதிபதிகளின் மனமாற்றம் காரணமன்று. 1867இல் நகரத் தொழிலாளரிற் பலருக்கு வாக்குரிமை கிடைத்தது. 1868இல் தொழிற்சங்க மாநாடு கூடிற்று. 1871இல் தொழிற்சங்கங்கள் சட்டபூர்வமாயின. 1874இல் அலெக்சாந்தர் மக்டொனல்ட் உட்பட இரு சுரங்கத் தொழிலாளர் பாராளுமன்றத்துள் நுழைந்தனர். இவற்றின் பின்னரே 1880ஆம் ஆண்டின் தொழில்கொள்வோர் பொறுப்புச் சட்டம் வந்தது. மேற்பார்வையாளனின் தவறும் உபகரணத்தின் பழுதும் இனி எசமானனைச் சாரும். இதற்கும் மாற்றுவழி கண்டனர். 1882இல், சட்டத்தின் பயனைத் தாமே கைவிடுவதாகத் தொழிலாளர் செய்யும் ஒப்பந்தம் செல்லும் என்று நீதிமன்றம் கூறியது. வேலை வேண்டுமாயின் கைவிடு. கைவிட மாட்டாயெனில் வேலையில்லை. இதுவும் சுதந்திரமே!

1891இல் பிரபுக்கள் சபையின் ஒரு தீர்ப்பு ஓரளவு வெளிச்சம் தந்தது. புகையிரதப் பாதைக்காகப் பாறையில் துளையிட்டுக்கொண்டிருந்த ஸ்மித் என்ற தொழிலாளியின் தலைக்கு மேலால் பாரந்தூக்கி கற்களைக் கொண்டுசென்றது. ஒரு கல் விழுந்து அவன் காயமடைந்தான். ஆபத்தை அறிந்திருந்தானே என்றது எதிர்த்தரப்பு. அறிந்திருத்தல் வேறு, உடன்பட்டிருத்தல் வேறு என்று சபை தீர்ப்பளித்தது. இரண்டு வினைச்சொற்களுக்கு இடையிலான வேறுபாட்டை உணர ஆங்கில நீதிக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

1897இல் வந்த தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமே அடிப்படையை மாற்றியது. எவர் தவறு என்ற கேள்வியையே அது ஒதுக்கிவிட்டது. வேலையினால் எழுந்து, வேலையின்போது நேர்ந்த காயமாயின் தொழில்கொள்வோன் கொடுக்கவேண்டும். இறந்தவனின் குடும்பத்துக்கு மூன்றாண்டுக் கூலி, 300 பவுணுக்கு மேற்படாமல். ஐம்பத்தோராண்டுகளுக்கு முன் குப்பையில் போடப்பட்ட சட்விக்கின் கணக்கு இவ்வாறு சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் சோஷலிஸ்டுகளின் செல்வாக்குக்கு அஞ்சி 1884இலேயே விபத்துக் காப்புறுதியைக் கொணர்ந்திருந்தார் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆயினும் கட்டடத் தொழிலாளி விடயத்தில் அச்சட்டம் ஒரு விசித்திரமான எல்லையை வகுத்தது. கட்டடம் 30 அடிக்கு மேல் உயர்ந்ததாகவும், சாரத்தின் துணையால் கட்டப்படுவதாகவோ திருத்தப்படுவதாகவோ இருத்தல் வேண்டும். இடிக்கப்படும் கட்டடமும் இயந்திரம் பயன்படும் கட்டடமும்கூட 30 அடியைத் தாண்டியிருந்தாலே சேரும். 31 அடிக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவனுக்கு நட்டஈடு. 29 அடிக் கட்டடத்திலிருந்து விழுந்து அதே எலும்பு முறிந்தவனுக்கு இல்லை. ஏணி சாரமாகுமா, உயரத்தை எங்கிருந்து அளப்பது என்றெல்லாம் வழக்கறிஞர் பல ஆண்டுகள் வாதித்துப் பொருளீட்டினர். இவ்வெல்லை 1906ஆம் ஆண்டுச் சட்டத்துடன் மறைந்தது.

நட்டஈடு வேறு, பாதுகாப்பு வேறு. மாண்டபின் பணங்கொடுக்கும் கடமை நிலைத்துவிட்டது. மாளாமல் காக்கும் கடமை இன்னும் பிரபுக்கள் சபையின் முன் வரவேண்டியிருந்தது. பிரீஸ்ட்லி வழக்கிலிருந்து சரியாக நூறு ஆண்டு கழித்து, 1937இல், ஸ்கொத்லாந்து நிலக்கரிச் சுரங்கமொன்றின் வழக்கில் அது வந்தது. தகுதியான சகதொழிலாளர், போதிய உபகரணம், முறையான வேலை ஒழுங்கும் மேற்பார்வையும் ஆகியவற்றை அளிக்கும் கடமை தொழில்கொள்வோனுடைய சொந்தக் கடமை. இன்னொருவனிடம் அதை ஒப்படைத்துவிட்டேன் என்று கூறித் தப்ப முடியாது என்று தீர்க்கப்பட்டது. விக்மோரின் மேசனைக் கொன்ற கழி இப்போது எசமானனின் கையில் மீண்டும் வைக்கப்பட்டது. பொதுத் தொழிற் கோட்பாட்டை, தொழிற்கட்சி ஆட்சியிலிருந்த 1948ஆம் ஆண்டில் பாராளுமன்றம் முற்றாக நீக்கியது. அவ்வாண்டின் கட்டட விதிகள் 6 அடி 6 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வேலைமேடைகளுக்குக் காப்புக் கம்பிகளை விதித்தன. 2005ஆம் ஆண்டின் விதிகள் அந்த அளவையும் விட்டு, விழுந்தால் காயப்படக்கூடிய எந்த உயரமும் உயரமே என்றன. 30 அடியிலிருந்து இவ்விடத்துக்கு இறங்கி வர 108 ஆண்டுகள் சென்றன.

இதனோடு சேர்ந்து மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது; அது முன்னையதைவிட முக்கியமானது என்பது என் எண்ணம். 1994ஆம் ஆண்டின் கட்டட வடிவமைப்பு முகாமைத்துவ விதிகள் கட்டடத்தைக் கட்டுவிக்கும் உரிமையாளனையும் அதனை வரையும் வடிவமைப்பாளனையும் கடமைக்குள் இழுத்தன. அதற்கு முன் அவர்கள் கொந்தராத்துக்காரனின் பின்னால் நின்றனர். அவன் உபகொந்தராத்துக்காரனின் பின்னால். அவன் கங்காணியின் பின்னால். சாரத்தின் உச்சியில் நின்றவனுக்கும் இலாபத்தின் உச்சியில் நின்றவனுக்கும் இடையே எத்தனை படிகள் உண்டோ அத்தனை மறைப்புகள். ஓராண்டு வேலையை ஆறு மாதத்தில் முடிக்கும்படி கேட்டவன் உரிமையாளன். கூரையை ஏறித் துடைக்கவே முடியாதபடி வரைந்தவன் வடிவமைப்பாளன். சாரம் சரிவதற்கு முன்பே, கடதாசியிலேயே சிலவேளை மரணம் எழுதப்பட்டுவிடுகிறது என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டது.

இலங்கையில் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934ஆம் ஆண்டில் வந்தது. கண்டிப் பாதை திறக்கப்பட்டு 67 ஆண்டுகளின் பின். தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942ஆம் ஆண்டுக்குரியது. கொழும்பில் வானளாவும் கட்டடங்கள் எழுகின்ற தலங்களில் பெயர்ப்பலகைகளேனும் தொங்குகின்றன. மரணம் நேர்ந்தால் எந்தக் கம்பனியைக் கேட்பதென்று தெரியும். எமது ஊர்களில் வீடு கட்டப்படும் முறையை நோக்குங்கள். வீட்டுக்காரர் ஒருவர், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர். அவருக்காகப் பார்த்துக்கொள்ளும் உறவினர் ஒருவர். தலைமை மேசன் ஒருவர். அவர் கூட்டிவரும் கையாட்கள் நால்வர். கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லை; நாட்சம்பளமும் பத்து மணித் தேநீரும் உண்டு. சாரத்துக்குரிய மரங்கள் சென்ற வீட்டிலிருந்து வந்தவை. கயிறு அதற்கு முந்திய வீட்டிலிருந்து வந்தது. அந்த மரத்தைத் தட்டிப் பார்க்கவேண்டியவர் யார் என்று அந்த முற்றத்தில் நிற்கும் ஐவரிடமும் கேட்டால் ஐந்து விடைகள் கிடைக்கும். வெளிநாட்டிலிருப்பவரைத் தொலைபேசியிற் கேட்டால், பெரும்பாலும், மேசன்தான் பார்த்திருக்கவேண்டும் என்பார். 1850இல் ஜே என்னும் கட்டட முதலாளியின் வழக்கறிஞர் கூறியதும் ஏறத்தாழ அதுவே.